'தேவனுடைய ராஜ்யம்': சொல்லும் பொருளும்

ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் 'உம்முடைய ராஜ்யம் வருவதாக' என்று ஜெபிப்பார்கள். பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலில் அதே ஜெபம் 'உமது ஆட்சி வருக' என்று ஒலிக்கும். இரண்டுக்கும் மூலம் ஒரே கிரேக்கச் சொல்: பசிலேயா. அரசனுடைய நாடு, அவன் ஆளுகிற ஆளுகை என இரண்டையும் அது குறிக்கும். இயேசு பேசிய அரமேயத்தில் இதற்கு நிகர் 'மல்கூத்தா', எபிரேயத்தில் 'மல்கூத்'. இவற்றில் ஆளுகை என்ற பொருளே முந்தி நிற்கும்.

'ராஜ்யம்' வடசொல். கேட்டதும் எல்லையும் கோட்டையும்தான் நம் மனதில் வரும். பாரிமுனையில் டேர் ஹவுஸ் வளாகத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். கோட்டைக்கும் இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரத்துக்கும் நடுவே 1773-இல் ஆங்கிலேயர் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். அன்று அதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாது. பிற்பாடு அந்த நகரத்துக்கே ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை வைத்து ஜார்ஜ் டவுன் ஆக்கினார்கள். உலக ராஜ்யம் இப்படித்தான்: கல் நடும், பெயர் வைக்கும், வெளியே நில் என்று சொல்லும்.

திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் அரசனுக்கு வேண்டியவை என்று படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் ஆறையும் எண்ணிச் சொல்கிறது. ரோம ஆளுநர் பிலாத்துவின் முன்னால் கைதியாக நின்ற இயேசுவிடம் அந்தப் படையும் இல்லை, அரணும் இல்லை. 'என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல' என்றார். உரியதாயிருந்தால் என் ஊழியக்காரர் போராடியிருப்பார்களே என்றும் சொன்னார் (யோவான் 18:36). இந்த வசனத்தை வைத்து, தேவ ராஜ்யம் செத்த பிறகு போகிற இடம் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். பரமண்டலத்தில் செய்யப்படுகிற அவர் சித்தம் 'பூமியிலேயும்' செய்யப்பட வேண்டும் என்றுதானே ஜெபத்தின் அடுத்த வரி கேட்கிறது? அந்த ஆளுகை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் அவர் பிலாத்துவிடம் சொன்னார். அது எங்கே நடக்கும் என்றால், இங்கேதான்.

அந்த ஆளுகையில் பெரியவன் யார் என்பதும் தலைகீழ். புறஜாதியாரின் (யூதரல்லாதவர்களின்) அதிகாரிகள் மக்களை இறுக்கி ஆளுகிறார்கள், உங்களுக்குள் அப்படி வேண்டாம், பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்கட்டும் என்றார் (மாற்கு 10).

மத்தேயு 13-இல் இயேசு பரலோக ராஜ்யத்தை வலைக்கு ஒப்பிடுகிறார். காசிமேட்டு மீனவருக்கு இதை விளக்கவே வேண்டாம். சங்கரா, காரப்பொடி, நண்டு, விலை போகாத பொடிசு எல்லாம் ஒன்றாகத்தான் வலையில் ஏறும். கரையில் கொட்டிய பிறகுதான் கூடை கூடையாகப் பிரிப்பார்கள். தேவனும் முதலில் எல்லாரையும் சேர்க்கிறார். பிரிப்பது கடைசியில், அதுவும் நம் வேலை அல்ல.

சரி, தமிழில் எதைச் சொல்வது? 1995-இல் வந்த பைபிளின் பொது மொழிபெயர்ப்பு 'இறையாட்சி' என்கிறது. மத்தேயுவில் மட்டும் 'விண்ணரசு'. கடவுளின் பெயரைச் சொல்லக் கூசிய யூத வழக்கத்தால் மத்தேயு பெரும்பாலும் 'பரலோகம்' என்று எழுதினார் என்பார்கள், பொருள் ஒன்றே. தமிழில் 'இறை' அரசனுக்கும் கடவுளுக்கும் பொது என்பதால் 'இறையாட்சி' கச்சிதமாகப் பொருந்துகிறது. ஜெபத்தில் நாவுக்குப் பழகிய 'ராஜ்யம்' அப்படியே இருக்கட்டும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது மட்டும் 'இறையாட்சி' என்றோ 'தேவனுடைய ஆளுகை' என்றோ சொல்லுங்கள்.