விழுந்த தூசியும் விழாத தூசியும்

மேலூர்ப் பக்கம் கல் உடைக்கும் கிரஷர் ஒன்றுக்கு அருகே டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். குடித்து முடிப்பதற்குள் பைக் சீட்டில் விரலால் பெயர் எழுதலாம் என்கிற அளவுக்கு வெள்ளை மாவு. "வெறும் பவுடர்ண்ணே, தட்டுனாப் போயிரும்" என்றார் கடைக்காரர். சரிதான், சீட்டில் இருப்பது விழுந்துவிட்ட தூசி. சிக்கல் விழாத தூசியில்தான்.

துகளின் விட்டம் பாதியானால் அது விழும் வேகம் கால்வாசியாகிவிடும். 10 மைக்ரான் கல்துகள், அதாவது தலைமுடித் தடிமனில் ஏழில் ஒரு பங்கு, நொடிக்குச் சுமார் 8 மில்லிமீட்டர்தான் இறங்கும். கல்லை மேலேற்றும் 10 மீட்டர் உயரக் கன்வேயர் பெல்ட்டின் முனையிலிருந்து தரைக்கு வர 20 நிமிடம். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று அதற்குள் மூன்றரை கிலோமீட்டர் கொண்டுபோய்விடும். 2.5 மைக்ரான் என்றால் இறங்கவே ஐந்து மணி நேரத்துக்கு மேல். கணக்குப்படி 50 கிலோமீட்டரைத் தாண்டும். மேலூரிலிருந்து மதுரை சுமார் 30 கிலோமீட்டர். (போகப் போகக் காற்று தூசியைக் கலைத்துப் பரப்பிவிடும் என்பதால் கிரஷர் ஓரத்து அடர்த்தி நகரத்தில் இருக்காது. நகரத்துக்குச் சொந்தத் தூசியும் புகையும் தனி.)

திசையும் முக்கியம். ஆடியில் மேற்கே இருந்து வீசும் காற்று மேலூர்த் தூசியை மதுரைக்கு எதிர்ப்பக்கம் தள்ளும். மார்கழி வாடை மதுரைப் பக்கம் திருப்பும். போதாததற்கு, மார்கழி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்க, மேலிருக்கும் வெதுவெதுப்பான காற்று பானை மூடிபோல அமுக்கும். தூசி மேலேறிக் கலைய வழியில்லை.

குவாரியில் பாறையை உடைக்க வைக்கும் வெடிதான் பெரிய குற்றவாளி என்று நினைப்போம். அது சில நொடி. நாள் முழுக்கத் தூசி கிளப்புவது பல இடங்களில் குவாரிக்குள் போகும் மண்பாதை. டிப்பர் டயர்கள் சிந்திய கல்லை மறுபடி மறுபடி அரைக்கின்றன. அங்கே தண்ணீர் தெளித்தால் பலன் உண்டு, சித்திரை வெயிலில் காயும்வரை. கிரஷர் வாயில் தெளிப்பது வேறு கதை. பெரிய துளி வரும்போது காற்று விலகும், அதோடு நுண்தூசியும் நழுவிவிடும். லாரி வரும்போது பாலித்தீன் பை ஒதுங்குகிற மாதிரி. பனிமூட்டம் போன்ற நுண்துளிதான் தூசியைப் பிடிக்கும்.

கருங்கல்லில் குவார்ட்ஸ் என்ற சிலிகா கனிமம் உண்டு. அதன் நுண்துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அங்குள்ள காவல் செல் அதை விழுங்கும், செரிக்க முடியாமல் சாகும். வெளியே வந்த துகளை அடுத்த செல் விழுங்கும். இப்படியே தழும்பேறி நுரையீரல் விறைப்பதுதான் சிலிகோசிஸ். தழும்பை மாற்ற மருந்து இல்லை. கிரஷரில் வேலை பார்ப்பவர்கள் பலர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள். அந்தத் துண்டின் நூலிடைவெளி இந்தத் துகளைவிடப் பல மடங்கு பெரியது.