பத்தாயிரம் ரூபா வருகிறது, பராமரிப்பை யார் பார்ப்பது?

பக்கவாதத்தில் விழுந்து படுக்கையோடு இருக்கும் தாத்தா, மூக்குக் குழாயில் சாப்பிடும் அம்மா, கை கால் இழுப்போடு வலிப்பும் உள்ள பிள்ளை. இப்படி ஒருவர் இருக்கும் வீட்டுக்கு அரசாங்கம் என்ன செய்கிறது என்று மலையகத் தோட்டத்து லயத்தில் கேட்டால், "காசு தருது" என்பார்கள். அது உண்மைதான். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மாற்றுத்திறனாளி கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டம் மாதம் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகக் கூட்டியது. இதற்கு கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தரையும் பார்க்க வேண்டும். வைத்திய அறிக்கையும் கையில் இருக்கட்டும்.

ஆனால் அங்கே பார்ப்பது குடும்ப வருமானத்தையும் குறைபாட்டையும்தான். அந்த மனுசரை வீட்டில் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று பார்ப்பது வேறு வேலை. அதற்கு அணுக வேண்டியது உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அதாவது எம்.ஓ.எச். ஒபிஸ். அங்கே பொதுச் சுகாதாரத் தாதி உத்தியோகத்தர் இருந்தால், வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே வார்ட் டொக்டரிடம் அதற்கொரு கடிதம் வாங்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பிறகு அதற்காகவே மறுபடி பஸ் ஏற வேண்டிவரும்.

அதுவரை வீட்டுக்காரர்தான் பரிசோதகர். முதலில் குதிகாலைப் பாருங்கள். நுவரெலியா, அப்புத்தளைப் பக்கம் குளிருக்குப் பயந்து கம்பளியைப் போர்த்தியே வைப்போம், காலைத் திறந்து பார்ப்பதே இல்லை. படுக்கைப் புண் அங்கேயும், முதுகின் அடியில் வால் எலும்புப் பக்கமும்தான் தொடங்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். சிவப்பு மறையாவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, இறுக்கமாக, இல்லாவிட்டால் இன்னும் கறுத்து இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். பொதுவாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். யார், எத்தனை மணிக்குத் திருப்பினார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். தாதி வந்தால் முதலில் அந்தக் கொப்பியைக் காட்டலாம்.

குழாயில் சாப்பாடு கொடுக்கும்போது தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்த பிறகும் அரை மணித்தியாலமாவது அப்படியே இருக்கட்டும். சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்தால், அது சேரும் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் இதற்கெல்லாம் இடம் பார்ப்பது லேசில்லை என்று தெரியும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அம்மா கொழுந்துக்குப் போனால் பின்னேரம் நிறுவை முடியும்வரை வீட்டில் யார்? பள்ளிக்கூடம் போக வேண்டிய பொம்பளைப் பிள்ளைதான் என்றால், நோயாளியின் உடம்பில் ஒரு புண்கூட இல்லாவிட்டாலும் நான் அதை நல்ல பராமரிப்பு என்று சொல்லமாட்டேன். சமூக சேவை உத்தியோகத்தரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சம்பளத்துக்கு ஆள் வைப்பதாக இருந்தால் பராமரிப்பு வேலைக்கான என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உண்டா என்று கேளுங்கள். குழாயையும் பையையும் உங்கள் முன்னாலேயே ஒருமுறை கையாளச் சொல்லிப் பாருங்கள்.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் கைவிட்ட பெற்றோருக்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. 60 வயது தாண்டி, தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பிக்கலாம். பிள்ளைகள் மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டுமென்று சபை கட்டளையிட முடியும்.

எந்த அரச அலுவலகத்துக்கும் தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். "பிறகு வாங்க" என்று வாயால் சொல்லி அனுப்பினால் அந்தப் பிரதிதான் கைகொடுக்கும். நியாயமில்லாமல் மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.