லைட் கேஜ் ஸ்டீல் ஃபிரேம்: சொல்லும் பொருளும் வேலையும்

துத்தநாகம் பூசிய மெல்லிய எஃகுத் தகட்டைச் சூடாக்காமல் உருளைகளுக்கிடையே செலுத்தி, ‘சி’ வடிவச் சட்டங்களாக மடித்து, திருகாணியால் பூட்டிச் சுவரும் தளமும் கூரையுமாக நிறுத்துவதே லைட் கேஜ் ஸ்டீல் ஃபிரேம் கட்டுமானம். சுருக்கப் பெயர் எல்.ஜி.எஸ்.எஃப். சட்டங்கள் பட்டறையிலேயே அளவாக வெட்டப்பட்டு, சுவர்ப் பலகங்களாகக் கோக்கப்பட்டு மனைக்கு வந்து சேரும். சுமை தாங்கும் சட்டங்களில் தகட்டின் தடிமன் பெரும்பாலும் 0.75 முதல் 1.6 மி.மீ. வரை.

இந்தப் பெயரில் அதிகம் குழப்புவது ‘கேஜ்’. பழைய வட பிரெஞ்சில் அளவுகோலைக் குறித்த சொல் அது. ஆங்கிலம் வழியே நம்மிடம் வந்தது. கடலூர்க்காரர்களுக்கு மீட்டர் கேஜ் ரயில் பாதையால் பழகிய சொல்தான். அங்கே அது தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம். தகட்டுக் கடையில் தடிமன். தகட்டில் எண் ஏற ஏறத் தடிமன் குறையும். கம்பி இழுக்கும் தொழிலிலிருந்து வந்த எண்முறை என்பதே காரணம்: அச்சுத் துளை வழியே கம்பியை எத்தனைக்கெத்தனை இழுக்கிறோமோ அத்தனைக்கு எண் கூடும், கம்பி மெலியும். பிரிட்டன் 1884இல் இதை எஸ்.டபிள்யூ.ஜி. (ஸ்டாண்டர்ட் வயர் கேஜ்) என்று நிலைப்படுத்தியது. அதன்படி 18 கேஜ் 1.22 மி.மீ.; துத்தநாகம் பூசிய தகட்டுக்கான அமெரிக்கக் கணக்கில் அதே 18 கேஜ் 1.31 மி.மீ.

ஆகவே கேஜ் எண்ணைச் சொல்லிச் சரக்கு வாங்கக் கூடாது. மில்லிமீட்டரில் கேளுங்கள். வெறும் எஃகின் தடிமனா, பூச்சோடு சேர்ந்ததா என்பதையும் கேளுங்கள். ‘இசட்275’ பூச்சு என்றால் ஒரு சதுர மீட்டர் தகட்டில் இரு பக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம். அதுவே ஏறத்தாழ 0.04 மி.மீ. வரும். வரைபடம் 0.75 மி.மீ. எஃகு கேட்கும்போது, பூச்சோடு மைக்ரோமீட்டர் கருவியில் 0.79 மி.மீ. காட்ட வேண்டும். பூச்சோடு சேர்த்தே 0.75 என்றால் உள்ளே இருப்பது 0.71 மி.மீ.தான். சட்டத்துக்குச் சட்டம் 5 சதவீதம் எஃகு குறைகிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்து ‘லைட்’. இதைப் பார்த்துப் பலர் ‘மென்னெஃகு’ என்று எழுதுகிறார்கள். அது மைல்டு ஸ்டீலின் பெயர், இங்கே பொருந்தாது. மைல்டு ஸ்டீலின் நெகிழ்வு வலிமை, அதாவது திரும்பாமல் வளையத் தொடங்கும் எல்லை, 250 மெகாபாஸ்கல். இங்கே பெரிதும் பயன்படும் ‘ஜி550’ வகைக்குக் குறைந்தது 550. மெலிந்திருப்பது தகடு, எஃகு மென்மையானதல்ல. ‘மெல்தகட்டெஃகு’ என்றால் பொருள் பிசகாது. எஃகு நமக்குப் பழைய சொல், சங்கப் பாடல்களில் வேல் முதலிய படைக்கலத்தைக் குறிக்கும். ஃபிரேமுக்குச் ‘சட்டகம்’, தனி உறுப்புக்குத் தச்சர்கள் சொல்லும் ‘சட்டம்’ அப்படியே போதும். செங்குத்தாக நிற்கும் ஸ்டட்டை நிலைச்சட்டம் என்றும், மேலும் கீழும் அதை வாங்கிக்கொள்ளும் டிராக்கைப் படுசட்டம் என்றும் சொல்லலாம்.

பட்டறையில் முன்பே செய்து கொண்டுவருவதைக் குறிக்கும் ‘பிரிஃபேப்’ என்பதை முன்வார்ப்பு என்று எழுதுவது பெரிய பிழை. வார்ப்பு கான்கிரீட்டுக்கு உரியது. புதிய கட்டுமான முறைகளைக் காட்டும் மத்திய அரசின் லைட் ஹவுஸ் வீட்டுத் திட்டத்தில் சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் கட்டப்பட்டது முன்வார்ப்பு முறை. அகர்தலாவின் 1,000 வீடுகளில்தான் மெல்தகட்டெஃகு முறை வந்தது. ஆகவே ‘முன்னாக்கம்’ என்போம். முழுப் பெயர்: முன்னாக்க மெல்தகட்டெஃகுச் சட்டகக் கட்டுமானம். வேலைத்தளத்தில் எல்.ஜி.எஸ்.எஃப். என்றே புழங்கட்டும். பாடநூலுக்கும் விண்ணப்பத்துக்கும் தமிழ்ப் பெயர் வேண்டும்.

பெயர் தெளிவாக இல்லாவிட்டால் வேலை தேடுகிறவருக்கே நட்டம். ‘ஸ்டீல் ஃபிரேம் டெக்னீஷியன்’ என்ற ஒரே விளம்பரச் சொல்லுக்குள் மூன்று தொழில்கள் ஒளிந்திருக்கும். ஜிப்சம் தடுப்புச் சுவர் வேலையில் ஸ்டட் 0.5 மி.மீ. அளவில் இருக்கும், கட்டடச் சுமை எதையும் தாங்காது. பி.இ.பி. எனப்படும் தொழிற்சாலைக் கொட்டகை, தடித்த தகடுகளை வெல்டிங் செய்து போல்ட்டால் பூட்டுவது. எல்.ஜி.எஸ்.எஃப்.இல் மெல்லிய சட்டமே சுமை தாங்குகிறது, வெல்டிங் அரிது. “தகடு எத்தனை மி.மீ., சுமை எதன்மேல் இறங்குகிறது?” என்று நேர்காணலில் கேட்டால் எந்த வேலை என்பது அங்கேயே விளங்கிவிடும்.

வேலை வரைபட மேசையில் தொடங்குகிறது. கட்டடக் கலைஞரின் படத்தை ஒவ்வொரு சட்டமாகப் பிரித்து, துளை, வெட்டு, திருகாணி இடம் வரை கணினியில் குறிப்பவர் டீட்டெய்லர். அந்தக் கோப்புதான் தகட்டை உருளைகளால் மடிக்கும் ரோல் ஃபார்மிங் எந்திரத்தை இயக்கும். அங்கே ஒரு ஜன்னல் 50 மி.மீ. தள்ளிப்போனால் எந்திரம் அந்தப் பிழையைத் துல்லியமாகவே வெட்டித் தரும். எந்திரம் ஓட்டுபவர் தகட்டுச் சுருளை ஏற்றி, நீளத்தையும் முறுக்கையும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு சட்டத்திலும் எண் அச்சாகி வரும். அதைப் பார்த்துப் பலகம் கோப்பவர் மேசையில் மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று அளந்த பிறகே திருகாணி இறக்க வேண்டும். நிலைச்சட்டங்கள் வழக்கமாக 400 அல்லது 600 மி.மீ. இடைவெளியில் நிற்கும். மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோதான் என்பதால் ஒரு சுவரை இரண்டு மூன்று பேரே தூக்கி நிறுத்திவிடலாம்.

பிழைகள் மிகுவது திருகாணியில். தானே துளையிட்டு இறங்கும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவை மிகை வேகத்தில் இறக்கினால் புரி அறுந்து வெறுமனே சுற்றும். அது கணக்கில் சேராது, பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும். நுனியில் குறைந்தது மூன்று புரியாவது தகட்டைத் தாண்டி வெளியே தெரிய வேண்டும். நிலைச்சட்டத்தின் அடி படுசட்டத்தோடு ஒட்டி அமர வேண்டும், 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் சுமை எஃகின் வழியே இறங்காமல் திருகாணியை இழுக்கும். ஆங்கிள் கிரைண்டரால் வெட்டுவதும் கூடாது. சூட்டில் துத்தநாகம் எரியும், தெறிக்கும் பொறி பட்ட இடமெல்லாம் துரு பிடிக்கும். தகட்டுக் கத்தரியோ, தகட்டைக் கடித்து வெட்டும் நிப்ளரோ கையில் இருக்கட்டும்.

புதுவை, கடலூர் கரைக்கென்று தனிக் கவனம் வேண்டும். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி இங்கே அடிப்படைக் காற்று வேகத்தை நொடிக்கு 50 மீட்டர் என்கிறது, அதாவது மணிக்கு 180 கி.மீ. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையேதான் கரை கடந்தது. கனமற்ற வீட்டைக் காற்று அமுக்குவதைவிட மேலே தூக்குவதே ஆபத்து. கூரைச் சட்டத்திலிருந்து நிலைச்சட்டம், படுசட்டம், நங்கூர போல்ட், அடித்தளம் வரை பிடிப்பு அறுபடாமல் தொடர வேண்டும். இவற்றைப் பிணைக்கும் ஒரு பட்டையை விட்டுவிட்டாலும் மற்றவை வீண். வடகிழக்குப் பருவத்தில் சட்டக் கட்டுகளைத் தார்ப்பாயால் இறுக மூடி வைத்தால் இடுக்கில் நீர் தேங்கி வெள்ளைத் துரு பூக்கும். சாய்த்து, காற்றோட்டம் விட்டு அடுக்குங்கள். தேவனாம்பட்டினம் போன்ற கடலோர மனைகளில் சாதாரண முலாம் பூசிய திருகாணி சட்டகத்துக்கு முன்பே துருப்பிடித்துவிடும். உப்புக்காற்றுக்கென்று பூச்சு கொண்டது வேண்டும். செம்புக் குழாயும் துத்தநாகச் சட்டமும் நேரடியாகத் தொடவே கூடாது. மின்கம்பி செல்லும் துளைகளுக்கு ரப்பர் வளையம் கட்டாயம்.

படிப்பைப் பொறுத்தவரை, ஐ.டி.ஐ. ஃபிட்டர், ஷீட் மெட்டல், சிவில் டிராஃப்ட்ஸ்மேன் மூன்றும் நல்ல வாசல்கள். லாஸ்பேட்டை மோதிலால் நேரு பாலிடெக்னிக் போன்ற இடங்களில் சிவில் டிப்ளமோ முடித்தவர் டீட்டெய்லராகவோ தளப் பொறியாளராகவோ வரலாம். வடிவமைப்புக்குப் போக விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கல்லூரியில் பழகும் ஐ.எஸ். 800 தடித்த எஃகுக்கானது. மெல்தகட்டுக்கு ஐ.எஸ். 801, 1975இல் வந்தது. அமுக்கத்தில் தகடு வலிமையின் எல்லையை எட்டும் முன்பே ஆங்காங்கே நெளியும்; அதனால் முழு அகலத்தையும் கணக்கில் எடுக்க முடியாது. இந்தப் ‘பயனுறு அகலம்’ என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டவருக்கு ஆஸ்திரேலிய, அமெரிக்க விதிநூல்களும் எளிதில் பிடிபடும். அந்நாடுகளுக்காக இங்கிருந்தபடியே வரைபடம் தயாரிக்கும் வேலைக்கு அவையே தேவை.