தட்டையடிக் கப்பல் எதிர்காற்றில் போவது எப்படி?

1660இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு ஆம்ஸ்டர்டாம் நகரம் ஒரு கப்பலைப் பரிசாகக் கொடுத்தது. பெயர் மேரி. அடிக்கட்டை 52 அடி நீளம்தான், ஆனாலும் எட்டு பீரங்கிகள், உள்ளே தங்க வேலைப்பாடு, ஓவியங்கள். டச்சுக்காரர்கள் இந்த வகைக் கப்பலுக்கு வைத்திருந்த பெயர், விரட்டி வேட்டையாடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இன்று நாம் சொல்லும் 'யாட்' அதுதான்.

எனக்கு இதில் தங்கத்தைவிடப் பிடித்தது, கப்பலின் இரண்டு பக்கமும் தொங்கிய பெரிய மரப்பலகைகள்.

டச்சுக் கரையோரம் ஆழமில்லாதது, மணல்திட்டுகள் நிறைந்தது. அதனால் கப்பலின் அடியைத் தட்டையாகக் கட்டினார்கள். சரி, தரை தட்டாது, ஆனால் பக்கக்காற்று அடித்தால் அப்படியே சறுக்கிக்கொண்டு போய்விடுமே? வாளித் தண்ணீரில் ஒரு சாப்பாட்டுத் தட்டைச் செங்குத்தாக முக்கிப் பாருங்கள். விளிம்பு முன்னால் இருக்கும்படி நகர்த்தினால் கத்தி மாதிரி போகும், தட்டின் அகலப் பக்கம் முன்னால் வரும்படி திருப்பித் தள்ளினால் கை வலிக்கும். பலகை செய்வதும் இதேதான். பாயில் படும் காற்று கப்பலைக் கொஞ்சம் முன்னுக்கும் நிறையப் பக்கவாட்டிலும் தள்ளுகிறது, பக்கத் தள்ளலைப் பலகை தாங்கிக்கொள்ள, மிச்சமிருக்கும் முன்தள்ளலில் கப்பல் காற்றுக்குச் சாய்வாக முன்னேறும். அப்படி வளைந்து வளைந்து போனால் எதிர்காற்றிலும் ஊர் போய்ச் சேரலாம்.

காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கப் பலகையைத்தான் இறக்குவார்கள். அப்போதுதான் தண்ணீர் அதைக் கப்பலின் உடலோடு சேர்த்து அழுத்தும். மறுபக்கம் இறக்கினால் வெளியே பிடுங்கி இழுக்கும். கப்பல் திரும்பும்போதெல்லாம் ஒன்றைத் தூக்கி இன்னொன்றை இறக்க வேண்டும், நல்ல வேலை.

மேரியைப் பார்த்து வியந்த ஆங்கிலக் கடற்படை அதிகாரி சாமுவேல் பெப்பிஸ், இங்கிலாந்தில் கப்பல் கட்டும் பெட் இதைவிடச் சிறப்பாகக் கட்டுவது கஷ்டம் என்று நாட்குறிப்பில் எழுதினார். ஆனாலும் பெட் குடும்பத்தார் கட்டினார்கள், பலகையே இல்லாமல், அடியை ஆழமாக்கி. 1661 அக்டோபரில் அப்படிக் கட்டிய இரண்டு கப்பல்கள், மன்னரின் 'கேத்தரின்', அவர் தம்பியின் 'ஆன்', 100 பவுண்டு பந்தயத்தில் தேம்ஸ் நதியில் மோதின. எதிர்காற்றில் போகும்போது மன்னர் தோற்றார், திரும்பும்போது ஜெயித்தார்.

அப்புறம் மேரி கடற்படைக்குப் போய், அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே அதிகாரிகளைச் சுமந்தது. 1675 மார்ச்சில், மூடுபனியில், வேல்ஸின் ஆங்கிள்சி தீவுக்கு அருகே ஸ்கெர்ரிஸ் பாறைகளில் மோதி உடைந்தது. இருந்த 74 பேரில் 35 பேர் இறந்தார்கள். 1971இல் முக்குளிப்பவர்கள் அங்கே அதன் வெண்கலப் பீரங்கிகளைக் கண்டார்கள்.