முறைப்பாடு கொடுத்தவர் தலையாட்டியா?

போன மாதம் திருகோணமலையில் என் அலுவலகத்துக்கு ஒரு மீனவர் வந்தார், அறுபதைத் தாண்டிய மனிதர். கையில் ஷொப்பிங் பை, அதற்குள் ஒரு பாரை மீன். "அமத்திப் பாருங்க சேர்" என்றார். முள் உள்ளேயே நொறுங்கி உடம்பு கொழகொழவென்று கிடந்தது, கண்ணில் இரத்தம் கட்டியிருந்தது. டைனமைட் அடித்த மீன். அடித்தவர்களையும் அவருக்குத் தெரியும், ஆனால் பொலிஸுக்குப் போகமாட்டாராம். "நாளைக்கு என்ட பேரப்பிள்ளையளத் தலையாட்டிட பிள்ளையள் எண்டு சொல்லுவாங்க."

யுத்த காலச் சுற்றிவளைப்புகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் துளை விட்டு ஒருவரை உட்கார வைத்திருப்பார்கள், ஊர் முழுக்க அவர் முன்னால் வரிசையில் போகும், அவர் தலையாட்டினால் போனவர் திரும்பி வருவது சந்தேகம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதே சொல்லை, மண் கடத்தலைச் சொன்னவருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விழும் அடியைச் சொன்ன அக்காவுக்கும் ஒட்டிவிடுகிறோமே! அள்ளி வைக்கிறவன், போட்டுக்கொடுத்தவன், பெட்டிசக்காரன், ஆள்காட்டி என்று வசவுக்குக் குறைவேயில்லை. (ஆள்காட்டிக் குருவி ஆளைக் கண்டதும் கத்துவதால் மற்றப் பறவைகள் தப்பிக்கொள்ளும். அதைத் திட்டுகிறவன் வேட்டைக்காரன்தான்.)

சட்டத்தில் இதற்கு வேறு பெயர். வெடிவைத்து மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டப்படி குற்றம். அதைப் பற்றி முறைப்பாடு கொடுத்து விசாரணை தொடங்கினால், கொடுத்தவர் சாட்சி, அவ்வளவுதான். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் அவருக்கும் பொருந்தும், அவரை மிரட்டுவது தனிக் குற்றம். மிரட்டல் வந்தால் திகதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வைத்துவிட்டு இரண்டாவது முறைப்பாட்டைப் போடுங்கள். மொட்டைப் பெட்டிசம் எழுதினால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பெயரில்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் யாரைக் கூண்டில் ஏற்றுவது?

இன்னொன்று, வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால் விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கலாம், அது உங்கள் உரிமை, சலுகை இல்லை.

அந்த ஐயா இரண்டு நாள் கழித்துப் போனார், நானும் கூடப் போனேன். தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னபோதுதான் விடியப்புறம் நடந்தது பின்னேரம் என்று பதியப்பட்டிருந்தது தெரிந்தது. திருத்தச் சொல்லி, திருத்தியதை இன்னொரு தரம் வாசிக்கக் கேட்டுவிட்டுத்தான் பேனையை வாங்கினார்.