மேனுவல்ல எந்த ஸ்டெப்புக்கு ஸ்க்ரீன்ஷாட் போடணும்?

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கா மண்டிக்கும் சின்ன கடைகளுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் மேனுவல் எழுதித் தர்றது என் வேலை. எங்க போனாலும் "எல்லா ஸ்டெப்புக்கும் ஒரு படம் போட்ருங்க"ன்னு தான் கேப்பாங்க, நான் ஒத்துக்கறதில்ல. சேவ் பட்டனை அமுக்குங்கன்னு எழுதுனாலே புரியும், அதுக்கு எதுக்குங்க அரைப்பக்கம் படம்?

படம் வேண்டிய இடம் வேற. கொள்முதல் பில்லுல எடை, கழிவு, கமிஷன், இறக்குக்கூலின்னு ஒரே மாதிரி கட்டமா வரிசையா இருக்கும், எதுல என்ன போடறதுன்னு புதுசா வந்த பையன் திணறிப்போவான், அங்க போடணும், பேர் எழுதாத ஐகானுக்கும் போடணும். அதுவும் அந்த இடத்த மட்டும் வெட்டி போடுங்க. இங்க முக்கால்வாசி பேரு வாட்ஸ்அப்புல வந்த பிடிஎஃப்ப போன்ல தான் பாக்கறாங்க, முழு ஸ்க்ரீன போட்டா ஒரு எழுத்தும் தெரியாது. படத்த பிஎன்ஜி (PNG) ஃபார்மட்ல சேவ் பண்ணுங்க, ஜேபெக் (JPEG) ஃபார்மட்ல எழுத்தோட ஓரம் மங்கிடும். கருப்பு வெள்ளை பிரிண்ட்ல செகப்பு வட்டம் எடுபடாது, 1, 2ன்னு நம்பர் போடுங்க.

அடுத்த வெர்ஷன்ல ஒரு மெனு இடம் மாறுனா அது வர்ற அத்தனை படமும் பழசாயிடும். சீசன் நேரத்துல லாரி நிக்கும்போது புக்குல ஒண்ணு ஸ்க்ரீன்ல ஒண்ணுன்னு இருந்தா, தப்பா எதையோ அமுக்கிட்டோம்னு பயந்து கைய எடுத்துருவாங்க. அதனால படத்த தூக்கிட்டாலும் எழுத்து மட்டும் படிச்சு வேலைய முடிக்கிற மாதிரி இருக்கணும். எழுத்த வாசிச்சு சொல்ற ஸ்க்ரீன் ரீடர் வெச்சு படிக்கிற பார்வையில்லாதவங்களுக்கும் அது தான் உதவும்.

எனக்கு ரொம்ப கவலையான விஷயம் இன்னொண்ணு. நிஜ வியாபாரியோட பில்லையே அப்படியே படமா போட்டுடறாங்க. ஜிஎஸ்டி நம்பர்ல இருக்கற 15 எழுத்துல முதல் ரெண்டு மாநில கோடு, நமக்கு 33, அடுத்த பத்தும் பான் நம்பர். தனி ஆள் நடத்தற மண்டின்னா அது அவரோட சொந்த பான் தாங்க. வேர்டுல க்ராப் பண்ணா மறைஞ்சிடுச்சுன்னு நெனைக்காதீங்க, வெட்டுன பகுதிய தனியா டெலீட் பண்ணலன்னா அது ஃபைலுக்குள்ளயே கெடக்கும். மேல வெச்ச கருப்பு கட்டத்தையும் யாரு வேணா நகத்தி பாக்கலாம். 2023 மார்ச்ல விண்டோஸ் 11ல ஸ்க்ரீன்ஷாட் எடுக்கற ஸ்னிப்பிங் டூல்லயே, க்ராப் பண்ணி அதே ஃபைல் மேல சேவ் பண்ணா பழைய படத்தோட பகுதி உள்ள தங்குதுன்னு கண்டுபிடிச்சாங்க, அப்புறம் தான் சரி பண்ணாங்க.

அதனால சாஃப்ட்வேருக்குள்ள டெமோ கம்பெனி ஒண்ணு ஓப்பன் பண்ணி, கற்பனை பேரு போட்டு, அதுலருந்து மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. ஜிஎஸ்டி நம்பர் கட்டத்த காலியாவே விட்ருங்க.