ரோட்டரி டேபிள்: எந்த மையம் தவறினால் என்ன ஆகும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ ஒரு விசைப்படகின் எஞ்சின் அறைக்குள் எட்டிப் பாருங்கள். எஞ்சினையும் புரொப்பல்லர் ஷாப்டையும் இணைக்கும் கப்ளிங் இருக்கும்: வட்டமான இரும்புத் தட்டு, நடுவில் துளை, சுற்றிலும் போல்ட் ஓட்டைகள். அந்த ஓட்டைகள் சம இடைவெளியில் இருந்தால் மட்டும் போதாது, நடுத்துளையைச் சரியாகச் சுற்றியும் அமைய வேண்டும். வீட்டுப் பட்டறையில் சின்ன மில்லிங் மெஷின் வைத்திருப்பவர் இதைச் செய்யக் கைகொடுப்பதுதான் ரோட்டரி டேபிள்: மெஷின் டேபிளின்மேல் பொருத்தி, ஹேண்டிலால் கணக்காகத் திருப்பும் வட்டமேசை.

உள்ளே இருப்பது ஒரு வார்மும் (ஹேண்டிலோடு சுற்றும் திருகுத் தண்டு), அது திருப்பும் ஒரு பல்சக்கரமும். சக்கரத்துக்கு 90 பல் என்று வைத்துக்கொள்வோம். ஹேண்டிலை ஒரு சுற்று சுற்றினால் ஒரு பல் நகரும், அதாவது டேபிள் 4 டிகிரி திரும்பும். 72 பல் என்றால் 5 டிகிரி, 40 பல் என்றால் 9 டிகிரி. தட்டில் 7 ஓட்டை வேண்டுமா? 90ஐ 7ஆல் வகுத்தால் 12 முழுச் சுற்றும், ஒரு சுற்றில் ஏழில் ஆறு பங்கும் வரும். டேபிளுக்கான துளைத்தட்டில் (ஹேண்டில் சுற்றின் பங்கை எண்ண வட்ட வட்டமாகத் துளையிட்ட தட்டு) 21 துளை வட்டத்தை எடுத்துக்கொண்டால் 12 சுற்று, அப்புறம் 18 துளை தள்ளி. டிகிரி, மினிட் கணக்கே வேண்டாம்.

வாங்கப் போகும்போது எல்லோரும் விட்டத்தைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது உயரத்தை. 6 அங்குல டேபிள் பலவும் 80 மி.மீ. அல்லது அதற்கு மேல் உயரம். அதன்மேல் சக்கு (இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான்), சக்கில் ஜாப் (வேலை செய்யும் துண்டு), மேலிருந்து இறங்கும் டிரில் சக்கு, அதில் டிரில். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் சின்ன மெஷினில் ஸ்பிண்டிலுக்கு (டிரிலையோ கட்டரையோ சுற்றும் தண்டு) கீழே இடமே மிஞ்சாது. அதனால் சின்ன மெஷினுக்கு 4 அங்குலமே பல நேரம் புத்திசாலித்தனம். படுக்கவும் நிற்கவும் வைக்கக்கூடியதாக இருந்தால் நல்லது. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர்களுக்குப் பல்சக்கரம் வெட்ட வேண்டி வந்தால், டேபிளை நிறுத்தி வைத்துத்தான் வெட்ட முடியும்.

இனி பொருத்துவது. இங்கே மூன்று மையங்கள் இருக்கின்றன: ஸ்பிண்டிலின் மையம், டேபிளின் மையம், ஜாபின் மையம். மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எது தவறினால் என்ன கெடும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஸ்பிண்டிலுக்கும் டேபிளுக்கும் இடையே, ஓட்டை போட நகர்த்தும் அதே திசையில் 0.1 மி.மீ. பிசகு இருக்கிறது என்று வையுங்கள். ஓட்டைகள் அப்போதும் டேபிளின் மையத்தைச் சுற்றித்தான் விழும். இடைவெளி துல்லியமாகவே இருக்கும், வட்டத்தின் ஆரம் மட்டும் 0.1 கூடும் அல்லது குறையும். குறுக்குத் திசையில் அதே பிசகு என்றால் ஆரத்தில் ஏறும் மாற்றம் அளக்கவே முடியாத அளவு. ஆனால் டேபிளுக்கும் ஜாபுக்கும் இடையே 0.1 பிசகினால், ஓட்டை வட்டம் முழுவதும் நடுத்துளையை விட்டு 0.1 ஒதுங்கி நிற்கும். கப்ளிங்கைக் கெடுப்பது இதுதான். பொறுமையை இங்கேதான் செலவழிக்க வேண்டும்.

முதலில் டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய பிசகை முள்ளால் காட்டும் அளவி) ஸ்பிண்டிலில் பிடித்து, முனை டேபிளின் நடு ஓட்டையின் உள்சுவரைத் தொடும்படி வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் முள் காட்டும் வித்தியாசத்தில் பாதியளவு மெஷின் டேபிளை நகர்த்துங்கள். முள் அசையாமல் நிற்கும் இடம் வந்ததும் மெஷின் ஹேண்டில்களின் அளவு வளையங்களைப் பூஜ்யம் ஆக்குங்கள். அப்புறம் ஜாபை மையப்படுத்தி முடிக்கும்வரை ஸ்பிண்டில் சுற்றக் கூடாது. இப்போது ஜாபை லேசாகக் கிளாம்ப் செய்து, டயல் முனையை அதன் நடுத்துளையில் வைத்து, ரோட்டரி டேபிளைச் சுற்றுங்கள். பல டேபிள்களில் வார்மை விலக்கிவிட வசதி உண்டு, கையாலேயே சுற்றலாம். முள் அதிகம் காட்டும் இடத்துக்கும் குறைவாகக் காட்டும் இடத்துக்கும் நடுவில் வரும்வரை ரப்பர் சுத்தியலால் ஜாபை மெல்லத் தட்டுங்கள். இறுக்கியபின் மறுபடி ஒரு சுற்று பாருங்கள், இறுக்கும்போது ஜாப் நகர்வது சகஜம். ஒரே மாதிரித் தட்டுகள் நிறைய செய்வதென்றால், டேபிள் ஓட்டைக்கும் ஜாப் துளைக்கும் பொருந்துகிற மாதிரி லேத்தில் ஒரு பிளக் கடைந்து வைத்துக்கொள்வது மேல்.

பூஜ்யத்திலிருந்து ஓட்டை வட்டத்தின் ஆர அளவு மெஷின் டேபிளை நகர்த்திக்கொள்ளுங்கள். ஓட்டை போடும்போது ரோட்டரி டேபிளின் ஹேண்டிலை எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றி நிறுத்துங்கள், பேக்லாஷ் (வார்முக்கும் பல்லுக்கும் இடையேயுள்ள தளர்வு) கணக்கில் வராது. நிறுத்தியதும் ரோட்டரி டேபிளைப் பூட்டுங்கள். வெளி விளிம்பை வட்டமாக மில் செய்யும்போது, வழக்கமான வலஞ்சுழி கட்டருக்கு, மேலிருந்து பார்க்க டேபிளும் வலஞ்சுழியாகவே சுற்ற வேண்டும். துளையின் உட்சுவர் என்றால் இடஞ்சுழி. திசை மாறினால் கட்டர் ஜாபைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், பேக்லாஷ் அளவுக்கு டேபிள் ஒரே எகிறாக எகிறும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்யும், அதோடு உப்புக்காற்று. எண்ணெய் துடைக்காமல் விட்ட டேபிளில் துரு சீக்கிரம் பிடிக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கக் கடற்கரை மணலில் கார்னெட் என்ற கனிமம் கலந்திருக்கிறது, அது சாதாரண இரும்பைவிடக் கடினம். வார்முக்குள் புகுந்தால் பல்லைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், பேக்லாஷ் கூடும். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடி வையுங்கள். ஹேண்டில் லூசாக ஆடத் தொடங்கினால் முதலில் திறந்து மண்ணெண்ணெயில் கழுவி, புது எண்ணெய் விட்டு, அப்புறம்தான் வார்மை நெருக்கி வைக்க வேண்டும்.